எட்டாவது வண்டியில் ஒரு பையன்

1

இந்தக் கதை முதலில் ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. பெர்த்தில் நான் படிக்கும் கல்லூரியில், மானுடவியல் வகுப்பில், "இஸ்லாத்தில் ஆண்களுக்குச் சுன்னத் செய்வதன் சமய, பண்பாட்டுக் காரணங்கள்" என்று பேராசிரியர் தலைப்புக் கொடுத்தார். கொடுத்த மாத்திரத்தில் வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. முகத்தை மட்டும் பார்த்தவர்களைக் கண்ணியமானவர்கள் என்று குறித்துக்கொண்டேன்.

நான் கோகோஸ் தீவுக்காரன்; இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான, மலாய் முஸ்லிம்கள் வாழும் தீவு. வகுப்பில் அந்த விஷயத்தில் அனுபவஸ்தன் நான் ஒருவன்தான் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

"சுன்னத் என்பது இஸ்லாமிய ஆண்களின் வாழ்வில் ஒரு முக்கியமான

அதோடு நிறுத்திவிட்டேன். 'என்பது' என்று தொடங்கிய வாக்கியத்துக்குள் உயிருள்ள மனிதர் யாரும் நடமாடி நான் பார்த்ததில்லை.

"காரணங்கள் நான்கு. முதலாவது, தூய்மை. இரண்டாவது, இப்ராஹீம் நபியின் வழி. மூன்றாவது, சிறுவன் ஆணாகும் சடங்கு. நான்காவது

நான்காவதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பாக் ஜைடி உள்ளே வந்தார். கையில் ஸ்பேனர், காலில் கிரீஸ் அப்பிய ரப்பர் செருப்பு. என் வெள்ளைத் தாளின் மேலேயே நடந்தார். "ஐயா, இது கட்டுரை, இங்கே ஆட்கள் வரக்கூடாது" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் போகவில்லை. கட்டுரைதான் போய்விட்டது.

2

பாக் ஜைடி என்றால் ஜைடியின் அப்பா. எங்கள் தீவில் முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் சொந்தப் பெயர் கழன்று விழுந்துவிடும். ஜைடி பிறந்தான், அன்று முதல் அவர் பாக் ஜைடி, அவர் மனைவி மாக் ஜைடி. பிள்ளைக்குப் பெயர் வைப்பது எங்கள் ஊரில் தனக்கே பெயர் வைத்துக்கொள்வது மாதிரி. அதனால் யோசித்துத்தான் வைப்பார்கள்.

அதற்கு முன் அவர் தாவூத். அதற்கும் முன், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணை ஒன்றில் பிறந்த டெஸ்மண்ட். ஆறு மாத ஒப்பந்தத்தில் எங்கள் மின்நிலையத்து டீசல் எஞ்சினைப் பார்க்க வந்தவர். எஞ்சின் ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. மனிதர்தான் சரியாகவில்லை. கடை கல்லாவில் உட்கார்ந்திருந்த ரோஸ்னாவிடம் தினமும் போய் டார்ச் பேட்டரி வாங்கினார். அவரிடம் டார்ச் கிடையாது.

ஐம்பது வயதில் மார்க்கத்துக்கு வந்தார். அன்று இமாம் ஹாஜி மர்ஸுக்கி அவரைப் பள்ளிவாசலின் பின்பக்கம் அழைத்துப் போய், கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"அது... ஆச்சா?"

கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்தது. பதில்தான் தப்பாக வந்தது.

"ஆச்சு இமாம். பிறந்த ஆஸ்பத்திரியிலேயே."

இமாம் நம்பியதில் பிழையில்லை. அந்தக் காலத்து ஆஸ்திரேலிய ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் ஆண் குழந்தைகள் பெரும்பாலோருக்கு, எந்த நபியையும் கேட்காமல், சுகாதாரம் என்று சொல்லிச் செய்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் டெஸ்மண்ட் ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. மழை வெள்ளத்தில் பாதை அடைபட்டுப் போய், பண்ணை வீட்டுச் சமையலறை மேசையில் பிறந்தார். பிரசவம் பார்த்தவர் ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்துப் பழகியவர். வெளியே வந்ததை வந்தபடியே கையில் கொடுத்துவிட்டார்.

இந்த உண்மை தெரிந்தவர் தீவிலேயே இன்னொருவர்தான். பேட்டரி விற்றவர்.

3

இப்போது ஜைடிக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறையில் பெர்த்திலிருந்து டாக்டர் வருகிறார். ஏழு பையன்களுக்கு ஒரே நாளில் சுன்னத். தீவு முழுக்கத் தேங்காய்ப்பால் வாசனை.

எங்கள் வழக்கம் இது. அன்று காலையில் பையன்களுக்குப் பட்டுச் சரோங் கட்டி, தலைப்பாகை வைத்து, ஆளுக்கொரு பக்கியில் உட்காரவைத்து ஊர்வலம் விடுவோம். பக்கி என்றால் கோல்ஃப் மைதானத்தில் ஓடும் அந்தக் குட்டி வண்டி. எங்கள் தீவில் கோல்ஃப் மைதானம் கிடையாது, வண்டி மட்டும் உண்டு. ஒவ்வொரு வண்டி வரும்போதும் தெருவே சேர்ந்து கேட்கும்: "எந்த வீட்டுப் பையன்?" அப்பன் நெஞ்சை நிமிர்த்தி "எங்க வீட்டுப் பையன்!" என்று கத்தவேண்டும். பிறகு அறைக்குள். அங்கே அப்பன் பையனின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் கண்ணைப் பொத்தி, "எனக்கு ஆச்சு, உனக்கும் ஆகட்டும்" என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் டாக்டர் கையை நீட்டுவார்.

[இந்த வழக்கத்தில் பாதியை நான் கதைக்காகக் கட்டினேன். எந்தப் பாதி என்று பேராசிரியரும் கேட்பார். அவருக்கும் சொல்வதாக இல்லை.]

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் ஜைடி கேட்டான்.

"அப்பா, உங்களுக்கு வலிச்சுதா?"

மாக் ஜைடி சட்டென்று எழுந்து, ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை அணைக்கப் போனாள்.

"ஞாபகம் இல்லடா" என்றார் அப்பா.

சட்டப்படி அது பொய் இல்லை. நடக்காதது யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

"இமாம் பேரன் அழுதானாம். நான் அழமாட்டேன். நீங்கதான் கண்ணைப் பொத்துவீங்கல்ல? 'எனக்கு ஆச்சு, உனக்கும் ஆகட்டும்'னு நீங்க சொன்னா எனக்கு பயமே வராது."

மீன் முள் அவர் தொண்டையில் சிக்கியது. இது உருவகம் இல்லை. நிஜமாகவே சிக்கியது. மனைவி முதுகில் நாலு வைத்தாள். அவற்றில் ஒன்று மட்டுமே முள்ளுக்காக.

4

பையன் விளையாடப் போனதும், அவன் தலைப்பாகைக்குச் சரிகை தைத்தபடி அவள் தொடங்கினாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"எதைப் பத்தி?"

"ம், மின்நிலையத்து எஞ்சினைப் பத்தி."

"ரோஸ்னா, என்னால அதைச் சொல்ல முடியாது. கையைப் புள்ள கண்ணு மேல வச்சுக்கிட்டு, 'எனக்கு ஆச்சு'ன்னு... முடியாது."

"பதினொரு வருஷம் முன்னாடி கடலைப் பார்த்து சுலபமா சொன்னீங்களே."

"அன்னைக்கு நீ வேணும்னு சொன்னேன்."

ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

"இந்த இனிப்பெல்லாம் எனக்கு வேணாம். பேசாம பெர்த்துக்குப் போயிட்டு வாங்க. ஹெர்னியான்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஹெர்னியாவா?"

"எங்க சின்ன மாமாவுக்குக் கூட ஹெர்னியா. கௌரவமான வியாதி."

[இந்த இடத்தில் கதைக்கு ஒரு முடிவு தயாராக இருக்கிறது. அவர் விமானம் ஏறுகிறார், ஹெர்னியாவோடு திரும்புகிறார், பையன் கண்ணைப் பொத்துகிறார், உண்மையையே சொல்கிறார். எல்லோரும் சுகம். இதை எழுதியும் பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் கதாநாயகன் ஹெர்னியாதான்.]

அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம். பொய்யையும் திருட்டுத்தனமா சொன்னேன். அதைத் திருத்துறதையும் திருட்டுத்தனமாவா பண்றது?"

"அப்ப ஊர் முன்னாடி நின்னு சொல்லப் போறீங்களா? இந்த ஊர்ல? போன வருஷம் ஒருத்தன் தொழுகைல தும்மினதை இன்னும் நடிச்சுக் காட்டிட்டு இருக்கானுங்க!"

5

மறுநாள் காலையில் இமாமைப் பார்க்கப் போனார். இமாம் கரையில் கவிழ்த்துப் போட்ட தன் பாய்ப்படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். பாக் ஜைடியும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார். நடுவில் படகு இருந்தால் முகம் தெரியாது. பாவமன்னிப்புக்கு உகந்த மரச்சாமான்.

"இமாம், அன்னைக்கு நான் ஆச்சுன்னு சொன்னேன்ல."

"எது?"

"அது."

தூரிகை ஓடும் சத்தம் நின்றது.

"ஆகலையா?"

"ஆகல."

பிறகு படகின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாதிரிச் சத்தம். இமாம் அழுகிறார் என்று நினைத்து இவர் எட்டிப் பார்த்தார். எழுபது வயதுப் பெரியவர் வண்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அல்லாஹ் மன்னிக்கணும்... உங்க ஆஸ்பத்திரியை எவ்வளவு புகழ்ந்திருக்கேன் நான்! வெள்ளிக்கிழமை பயான்லயே சொன்னேனே ஐயா!"

சிரிப்பு அடங்கியதும் மார்க்கம் வந்தது. இதைத்தான் பேராசிரியர் கேட்டார். நான் சொல்வதைவிட இமாமே சொல்லட்டும்.

"கேளுங்க. குர்ஆன்ல இதுக்குன்னு தனியா வசனம் கிடையாது. நபிமொழியில இருக்கு. மனுஷனோட இயற்கைக்குச் சேர்ந்ததுன்னு அஞ்சு சொன்னாங்க. இது, மறைவிட முடி எடுக்கிறது, மீசையைக் கத்தரிக்கிறது, நகம் வெட்டுறது, அக்குள் முடி எடுக்கிறது."

"நகம் திரும்ப வளருமே இமாம்."

"அதனாலதான் அதை அடிக்கடி பண்றோம், இதை ஒரு தடவை பண்றோம். குறுக்க பேசாதீங்க. தொழுகைக்கு உடம்பு சுத்தமா இருக்கணும். ஒரு சொட்டு சிறுநீர் கூடத் தங்கக்கூடாது. அது ஒண்ணு. இப்ராஹீம் நபி பண்ணிக்கிட்டாங்க, நாம அவங்க வழி. அது ரெண்டு. நம்ம ஷாஃபி மத்ஹப் சட்டப்படி இது கடமை. மத்தவங்க சிலர் சுன்னத், அதாவது பண்ணினா நல்லது, அவ்வளவுதான்னு சொல்லுவாங்க. ஆனா வயசானவருக்கு உயிருக்கு ஆபத்துன்னா விலக்கு உண்டு. டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் விட்டுடறேன். உங்க தொழுகையும் கூடும், உங்க மையித்தையும் ஒழுங்கா அடக்குவோம். போதுமா?"

"இப்ராஹீம் நபிக்கு அப்ப என்ன வயசு?"

இமாம் தூரிகையை டப்பாவில் இரண்டு தடவை தோய்த்தார்.

"எண்பது."

"எதால பண்ணிக்கிட்டாங்க?"

"...வாய்ச்சியால."*

பாக் ஜைடி கணக்குப் போட்டார். தனக்கு அறுபத்தொன்று. டாக்டரிடம் மரப்பு ஊசி இருக்கிறது.

"அவங்களுக்கு விலக்கு இல்லையா இமாம்?"

"கேட்கலையே அவங்க" என்றார் இமாம்.

\* மரம் செதுக்கும் வாய்ச்சிதான். ஆனால் நபிமொழியில் வரும் அந்த அரபுச் சொல் கருவியைக் குறிக்கவில்லை, ஓர் ஊரைக் குறிக்கிறது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எங்கள் தீவு ஆண்கள் ஒருமனதாக ஊர்க் கட்சி.

6

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை உட்காரவைத்து விசாரித்தேன்.

தூய்மைக்காகவா? டீசலில் ஊறிய மனிதர். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுப்பதற்குள் ஒரு சோப்புக் கட்டியைத் தேய்த்துத் தீர்த்துவிடுவார். இத்தனை வருடம் அவர் சுத்தத்தில் யாரும் குறை கண்டதில்லை. கடமைக்காகவா? விலக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டாக்டரிடம் இரண்டு தடவை இருமிக் காட்டினால் போதும். ஆணாகும் சடங்கா? அறுபத்தொரு வயதில் அதற்கு மேல் என்ன ஆவது.

எல்லாக் காரணமும் அவருக்குப் பொருந்துகிறது. எதுவும் போதவில்லை.

"அப்போ ஏன்?" என்றேன்.

"நீதானே எழுதுறே, உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது. "நான்காவது" என்று எழுதி விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

7

பையனிடம் அவர் படகுத்துறையில் வைத்துச் சொன்னார். இருவர் கையிலும் தூண்டில்.

"ஜைடி, எனக்கு வலிச்சுதான்னு கேட்டேல்ல."

"ம்."

"எனக்கு இன்னும் ஆகலடா."

ஜைடி தூண்டிலைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடி தூண்டிலைப் பார்த்தான்.

"அப்ப நீங்க இன்னும் சின்னப் பையனா?"

"அப்படித்தான் போல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"...தெரியும்."

"திட்டலையா?"

"தினமும் திட்டுறா. வேற விஷயத்துக்கு."

ஒரு மீன் இரையைத் தின்றுவிட்டுப் போனது. இருவருமே கவனிக்கவில்லை.

"உங்களுக்கு பயமா இருக்காப்பா?"

"நிறைய."

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, இத்தனை வருடமாக யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. பையன் பக்கத்தில் நகர்ந்து வந்து, மீன் வாசனை அடிக்கும் இரண்டு கையையும் தூக்கி அப்பாவின் கண்ணைப் பொத்திப் பார்த்தான். கை சிறிது. ஒரு கண் முழுக்க மூடியது; இன்னொன்றில் வெளிச்சம் வந்தது.

"எட்டுது. நீங்க எனக்கு முன்னாடி பண்ணிக்குங்க. நான் பிடிச்சுக்கறேன். அப்புறம் நீங்க எனக்குப் பிடிங்க. அப்ப பொய் இருக்காதுல்ல?"

[இந்த வாக்கியத்தை எட்டு வயதுப் பையன் சொல்வானா என்று கேட்பீர்கள். எட்டு வயதில்தான் சொல்வான். பதினெட்டில் கட்டுரை எழுதுவான்.]

8

ஊர்வலத்தன்று காலையில் பெர்த் டாக்டர் பாக் ஜைடியின் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். இமாம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். விலக்குக் கொடுக்க அப்போதும் தயார்தான்.

"என்னுதைவிட நல்லா இருக்கு. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா மெதுவாத்தான் ஆறும், சார்" என்றார் டாக்டர்.

"எண்பதை நெருங்கலையே டாக்டர்" என்றார் பாக் ஜைடி. டாக்டருக்குப் புரியவில்லை, இமாமுக்குப் புரிந்தது.

ரெபானா மேளம் முழங்கியது. ஓலைத் தோரணம் கட்டிய ஏழு பக்கிகள் வரிசையில் நின்றன. ஏழாவதற்குப் பின்னால் மின்நிலையத்துப் பழைய பக்கி, எட்டாவதாக. அதில் பட்டுச் சரோங்கும் சரிகைத் தலைப்பாகையுமாக, வெள்ளைத் தாடியோடு, பாக் ஜைடி. ஓட்டுவது மாக் ஜைடி. ராத்திரியோடு ராத்திரியாக அவள் இரண்டாவது தலைப்பாகையும் தைத்திருந்தாள். "எவனாவது சிரிச்சான்னா வண்டியை மேல ஏத்திடுவேன்" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள். பக்கி மணிக்கு எத்தனை மைல் ஓடும் என்பதை அந்த ஆவேசத்தில் மறந்துவிட்டாள்.

முதல் வண்டி புறப்பட்டது.

"எந்த வீட்டுப் பையன்?"

"எங்க வீட்டுப் பையன்!"

மஞ்சள் அரிசி பறந்தது. இரண்டாவது, மூன்றாவது. இமாமின் அடுத்த பேரன் ஐந்தாவதில். கேள்வி முடிவதற்குள் இமாமே கத்திவிட்டார். ஏழாவதில் ஜைடி. அப்பா எட்டாவது வண்டியிலிருந்தே எழுந்து நின்று, வண்டி குலுங்க, எஞ்சின் சத்தத்தை மிஞ்சிப் பழகிய குரலில் "எங்க வீட்டுப் பையன்!" என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் சரோங் கண்ணில் பட்டது. தலைப்பாகை கண்ணில் பட்டது.

மேளம் ஒரு அடி தவறியது.

மீன்காரர் பாக் தூலா நல்ல மனிதர், வாய் மட்டும் சொந்தமாக யோசிக்கும். அது சிரித்துக்கொண்டே கேட்டது.

"யாரு இது, தாடி வச்ச பையன்? இது எந்த வீட்டுப் பையன்?"

தெருவில் பாதி சிரித்தது. மீதிப் பாதி புரிந்துகொண்டு வாயைப் பொத்தியது. பாக் ஜைடி நின்றபடியே நின்றார். காதில் ஏறிய சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. பதில் சொல்ல அப்பன் வேண்டும். அவர் அப்பன் ஆட்டுப் பண்ணை மண்ணுக்குள் எப்போதோ போய்விட்டார்.

[இங்கே பேனா நின்றது. ஒரு வடிவத்தில் அவரை வண்டியிலிருந்து இறக்கி வீட்டுக்கு நடக்கவைத்தேன். உருக்கமாகத்தான் இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.]

ஏழாவது வண்டியில் ஜைடி இருக்கை மேலே ஏறி நின்றான். தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்தது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்.

"எங்க வீட்டுப் பையன்!"

மாக் ஜைடி ஹாரனை அமுக்கினாள். பக்கி ஹாரன் கோழிக்குஞ்சு மாதிரித்தான் கத்தும். அன்று சேவல் மாதிரி கேட்டது.

"எங்க வீட்டுப் பையன்!" என்றாள் அவள்.

முன்வரிசையில் நடந்துகொண்டிருந்த இமாம் திரும்பினார். எழுபது வயது, வெள்ளைத் தொப்பி, கையில் இன்னும் போகாத படகு வண்ணம்.

"எங்க வீட்டுப் பையன்!" என்றார்.

பிறகு யார் முதலில், யார் அடுத்து என்று சொல்ல முடியாது. வலை உலர்த்தும் இடத்திலிருந்து வந்தது, சமையல் பந்தலிலிருந்து வந்தது, மாமரத்தின் மேலிருந்தும் வந்தது. அவர் விளக்கெரிய வைத்த அத்தனை வீட்டு வாசலிலிருந்தும் வந்தது. கடைசியாக பாக் தூலாவின் வாய், இந்த முறை உடையவரின் சம்மதத்தோடு, எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தியது. அரிசி மொத்தமும் எட்டாவது வண்டியில் விழுந்தது. தாடியில் மஞ்சள், புருவத்தில் மஞ்சள். மனிதர் கும்பிடத் தெரியாமல், அழத் தெரியாமல், ஜெயித்த குதிரைக்காரன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தெரு நெடுகப் போனார்.

9

அறை வாசலில் வரிசை நின்றது. டாக்டர் "முதல்ல யாரு?" என்றார். ஏழு பையன்களும் ஒரே ஆளை விரலால் காட்டினார்கள்.

பாக் ஜைடி கட்டிலில் சாய்ந்தார். ஜைடி பின்னால் ஏறி மண்டியிட்டு, இரண்டு கையாலும் அப்பாவின் கண்ணைப் பொத்தினான். ஒரு கண்ணில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

சொல்லவேண்டிய வாக்கியம் பையனுக்கு மனப்பாடம். ஆனால் அதை அவன் சொல்ல முடியாது. அவனுக்கு இன்னும் ஆகவில்லை. யோசித்தான். எல்லோரும் காத்திருந்தார்கள், டாக்டரும்தான். பிறகு குனிந்து அப்பாவின் காதில் புதிதாக ஒரு வாக்கியம் சொன்னான். பாக் ஜைடி உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "சார், அசையாதீங்க, தயவு பண்ணி அசையாதீங்க" என்றார் டாக்டர்.

அவன் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. வாசலுக்கு வெளியே நின்ற தீவு முழுவதுக்கும் தெரியாது. "நான்காவது" என்று நான் பாதியில் விட்ட வரியில் உட்காரவேண்டியது அந்த வாக்கியம்தான் என்பது மட்டும் தெரியும்.

ஆகவே கதையை இந்த இடத்தில், வழக்கப்படி, சுத்தமாக, ஒரே வெட்டாக நிறுத்துகிறேன். வெட்டி எடுத்த நுனி உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தென்னங்கன்றின் அடியில் புதைப்பது எங்கள் வழக்கம்.

பிறகு தண்ணீர் ஊற்றவேண்டும்.